கலைக்கான அரசுப் பணம்: கொடுப்பதும் காப்பதும்

(ராசிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் நாடக அரங்குகளும் நாடக நிகழ்ச்சிகளும் மாநிலப் பட்டியலின் 33ஆவது இனமாக உள்ளன. புது தில்லியில் சங்கீத நாடக அகாதெமி இருக்கிறது. தஞ்சாவூரில் மத்திய அரசின் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. ஆனாலும் ராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வேஷம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர் தம் வாழ்நாளில் நேரில் பார்க்கும் அரசு மாநில அரசுதான். அடையாள அட்டை தருவதும், கருவி வாங்கப் பணம் தருவதும், வயதான காலத்தில் உதவித்தொகை தருவதும் அதுவே. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது, அறுந்துபோகாமல் அதை எப்படிக் காப்பது என்ற மூன்றும் இந்த வட்டாரத்தின் சொந்தக் கேள்விகள்.

விடுதலைக்குப் பிறகு சென்னை மாகாண அரசு கலைஞர் ஒருவரைப் பதவி தந்து சிறப்பித்த நிகழ்வு ஒன்று ராசிபுரம் இருக்கும் நாமக்கல் மாவட்டத்தோடு தொடர்புடையது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1949இல் அரசவைக் கவிஞர் ஆனார். 1955இல் மாநில சங்கீத நாடக சங்கம் தோன்றியது. 1973இல் அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் எனப் பெயர் மாறியது. கலைமாமணி விருது தருவது இந்த மன்றம். கலை பண்பாட்டுக்கெனத் தனித் துறை 1991இல் அமைந்தது. இசைக் கல்லூரிகள், கவின் கலைக் கல்லூரிகள், மாவட்ட இசைப்பள்ளிகள், ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஆகியவை அதன்கீழ் வருகின்றன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நல வாரியம் 2007இல் வந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமான பிறகும், துறையின் மண்டல அலுவலகத்துக்கு இங்குள்ளவர்கள் சேலம்தான் போகவேண்டும். ராசிபுரத்திலிருந்து அது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். கொல்லிமலையிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்த அமைப்புகள் வழியாகக் கலைஞரின் கைக்கு வந்துசேரும் தொகை எவ்வளவு? நலிந்த நிலையில் வாழும் மூத்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய், அதாவது நாளுக்கு 100 ரூபாய். கருவியோ ஆடை அணிகலனோ வாங்கத் தனிக் கலைஞருக்கு 10,000 ரூபாய். மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு 500 பேர் என்ற கணக்கில் இது வழங்கப்பட்டுவந்தது. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாகத் தரும் ஐந்து விருதுகளில் கலை இளமணிக்கு 4,000 ரூபாயும், 65 வயதைத் தாண்டியவருக்கான கலை முதுமணிக்கு 20,000 ரூபாயும் பொற்கிழியாக நிர்ணயிக்கப்பட்டன. மாநில வரவு செலவுத் திட்டத்தின் மொத்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் இவை கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு சிறிய தொகையை ஏன் காக்கவேண்டும் என்பது ஒரு கூத்து செட்டின் வரவு செலவைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

சேலம், நாமக்கல் பகுதிக் கூத்தை மேற்கத்தி பாணி என்பார்கள். ஒரு செட்டில் வாத்தியாரோடு சேர்த்துப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் இருப்பார்கள். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவை பின்பாட்டுக்கு. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டால் அந்த இரவு அந்த ஊருக்கு. பொழுது சாய்ந்ததும் பெட்டி திறக்கப்படும். உள்ளே கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் துணி சுற்றி அடுக்கியிருக்கும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்த கட்டைகள் அவை. விடிய விடிய ஆடும்போது வியர்வை இறங்கிப் பசை விடும். சில்லுகள் ஒவ்வொன்றாக உதிரும். ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் உதிர்ந்த இடங்களில் புதிதாக ஒட்டி, சாயம் பூசி, கயிறு மாற்றவேண்டும். மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வேண்டும். அரிதாரம் வாங்கவேண்டும். இதையெல்லாம் கழித்து, வேன் வாடகையும் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் பதினைந்து பங்காகும். அரசு தரும் 10,000 ரூபாய் இந்த இடத்தில் வந்து சேர்கிறது. ஒரு நல்ல கருவி வாங்கினாலே அது தீர்ந்துவிடும். அது வராத ஆண்டில் அந்தக் கருவியும் வராது. பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டவேண்டியதுதான். மழை மாதங்களில் ஆட்டம் குறையும். தறி ஓட்டியோ செங்கல் சூளைக்குப் போயோ அந்த மாதங்களைக் கழிக்கும் ஆட்டக்காரர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய.

கூத்தின் உண்மையான புரவலர் அரசு என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கே மாரியம்மன் நோம்பி வந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி விழும். அந்த வரியிலிருந்துதான் பம்பைக்கும் மேளத்துக்கும் கூத்துக்கும் பணம் போகிறது. கருமாதி வீடுகளில் கர்ண மோட்சம் ஆடவைக்கும் வழக்கமும் இந்தப் பகுதியில் உண்டு. ஊர் தானே விதித்துத் தானே கட்டும் கலை வரி என்று தலைக்கட்டு வரியைச் சொல்லலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இப்போது ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஆடல் பாடலுக்கும் திரும்பிவிட்டது. ஊர் ரசனையை யாரும் சட்டம் போட்டுத் திருப்ப முடியாது. ஆனால் ஊரின் கை தளர்ந்த இடத்தில் இன்னொரு கை தாங்காவிட்டால், வாத்தியாரிடமிருந்து அடவும் பாட்டும் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறை இருக்காது. இரணியன் கூத்தை முழு இரவும் நடத்தத் தெரிந்தவர் போய்விட்டால் பிறகு எத்தனை கோடி ஒதுக்கினாலும் அதை மீட்க முடியாது. கலை நிதியை மற்றச் செலவுகளிலிருந்து வேறுபடுத்துவது இதுவே. பாலம் கட்டும் பணம் ஓர் ஆண்டு தள்ளிப்போனால் பாலம் ஓர் ஆண்டு தாமதமாக வரும். கற்பிக்கும் மனிதருக்கு அந்த ஓர் ஆண்டு கிடைக்காமலே போகலாம்.

கலைக்குக் கொடுக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி பாணர்க்கு அள்ளிக் கொடுத்ததை வன்பரணர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்குத் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் இறைச்சியும் பொன்னும் கொடுத்தவனாக அவன் அவற்றில் ஒன்றில் வருகிறான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசு அவன் பெயரால் விழா எடுக்கிறது. ஆனால் மற்றொரு வள்ளலான காரி ஓரியைக் கொன்றதும் அந்தக் கொடை நின்றது. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லும்போது அவர்கள் எல்லோரும் இறந்த காலம் ஆகிவிட்டிருந்தார்கள்; பாணன் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனை நோக்கி நடக்கவேண்டியிருந்தது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே, பரிசு பெற்ற கலைஞன் வறுமையில் வாடும் கலைஞனுக்குக் கொடுப்பவனிடம் போக வழிசொல்லும் பாட்டு.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்துத் தஞ்சாவூரில் வேறொரு முறை வந்தது. பெரிய கோயிலில் ஆடுவதற்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய முதலாம் இராசராசன், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கும் வைத்து, அதை மதிலில் வெட்டினான். நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர் ஆகியோருக்கும் பங்குகள் உண்டு. அந்தக் கல்வெட்டில் மிகவும் கவனிக்கவேண்டியது ஒரு நிபந்தனை. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறொருவரை அமர்த்தவேண்டும். இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் இராசராசேசுவர நாடகம் ஆடியவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று எழுதிவைக்கப்பட்டது. ஓரி மனம் உவந்து கொடுத்தான். சோழர் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோயில் முறைக்குள் எத்தனையோ அடிமைத்தனங்களும் சாதிக் கட்டுகளும் இருந்தன, அவற்றைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆளின் நல்ல மனதை நம்பாமல் பணத்தை ஏற்பாட்டின்மேல் நிறுத்தலாம் என்ற அறிவு அங்கே இருந்தது.

இன்றைய தமிழ்நாட்டின் கலை நிதியில் பெரும்பகுதி ஓரி வழியில்தான் வருகிறது. சென்னை சங்கமத்தின் கதை இதற்குச் சான்று. 2007 பொங்கலையொட்டித் தொடங்கிய அந்த விழா, ஊர்ப்புறக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஆடவைத்தது. 2011இல் ஆட்சி மாறியது, விழா நின்றது. மீண்டும் ஆட்சி மாறிய பிறகு 2023 சனவரியில் திரும்ப வந்தது. 2023-24 வரவு செலவுத் திட்டம் அதைச் சேலம் உள்ளிட்ட எட்டு நகரங்களுக்கு விரிவாக்குவதாக அறிவித்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் சங்கமத்தில் ஆடியவர்களில் இளைஞர்கள் நடுவயதானார்கள், முதியவர்கள் பலர் ஆடும் வயதைக் கடந்தார்கள். விழாவைத் தொடங்கியவர்களைப் பிடிக்காமல் போனதற்கான விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

கலைமாமணி விருதும் அப்படியே. 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகளுக்கான விருதுகள் 2019இல் ஒரே சமயத்தில் 201 பேருக்கு அறிவிக்கப்பட்டன. 2021, 2022, 2023ஆம் ஆண்டுகளுக்கானவை 2025இல் சேர்ந்து வந்தன. எழுபது வயதுக் கலைஞரை எட்டு ஆண்டுகள் காக்கவைப்பது எந்த வகையிலும் நியாயம் ஆகாது.

இவை வெளியே தெரிபவை. கலை நிதி பெரும்பாலும் வெளியே தெரியாமல்தான் குறைகிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நிறைவேறுவதோடு பணம் வந்துவிடுவதில்லை. ஒதுக்கிய தொகைக்கு நிதித் துறை ஒப்புதல் வேண்டும், அரசாணை வரவேண்டும், தவணையாக விடுவிக்கவேண்டும். விடுவிப்பது பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால் மார்ச் 31க்குள் செலவிட முடியாத பணம் கருவூலத்துக்கே திரும்பும். அடுத்த ஆண்டு ‘போன ஆண்டே செலவாகவில்லை’ என்று திருத்திய மதிப்பீட்டில் கைவைக்க அதுவே காரணமாகிவிடும். இன்னொரு வழி, பணியிடத்தை ஒழிக்காமல் நிரப்பாமல் விடுவது. இசைப்பள்ளியில் தவில் ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தால், தவில் வகுப்பு மூடப்பட்டதாக எந்த ஆணையும் வராது. சேர மாணவர் மட்டும் இருக்க மாட்டார். மூன்றாவது வழி சும்மா இருப்பது. 10,000 ரூபாயை 10,000 ரூபாயாகவே வைத்திருந்தால் விலைவாசி மீதி வேலையைச் செய்துவிடும்.

சட்டத்தின்மேல் நிற்கும் பணம் எப்படி இருக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. எஸ்.ஆர். இரங்கநாதனின் விடாமுயற்சியும், கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கத்தின் முனைப்பும் அதன் பின்னால் இருந்தன. அந்தச் சட்டம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிசெய்தது. அது பின்னாளில் ரூபாய்க்கு 10 காசாக உயர்ந்தது. ராசிபுரத்தில் சொந்த வீடு உள்ள ஒவ்வொருவரும் அந்த வரியைக் கட்டுகிறார். எத்தனையோ முறை ஆட்சி மாறியும் நூலக வரி நிற்கவில்லை. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக் குழுக்களுக்குச் செலுத்தாமல் பாக்கி வைப்பது உண்மை. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கேட்க ஆளும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது. ஆனால் பாக்கி என்று கணக்கெழுதிக் கேட்க முடிவதே சட்டம் இருப்பதால்தான். கூத்துக்கு வராமல்போன பணத்தைப் பாக்கி என்று யாரும் எழுதுவதில்லை.

மக்கள் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2011 நவம்பர் சாட்சி. ஓராண்டுக்கு முன்னர்தான் திறக்கப்பட்டிருந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தெழுந்தார்கள், வழக்குகள் பதிவாயின, சில நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இன்றும் கோட்டூர்புரத்தில் அதே கட்டடத்தில் இருக்கிறது.

அரசு கலை நிதியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் மத்திய அரசின் கலை நிதியில் ஒரு பங்கு, மாநிலங்களின் கலை அமைப்புகள் வழியாகப் போகிறது. மாநிலமும் தன் பங்கைப் போடவேண்டும். 2011இல் கேன்சஸ் மாநில ஆளுநர் கலை ஆணையத்துக்கான ஒதுக்கீட்டை ரத்து செய்தார். மாநிலக் கலை நிதியே இல்லாத முதல் மாநிலமானது கேன்சஸ். தன் பங்கை நிறுத்தியதால் மத்திய அரசின் பங்கும் போயிற்று. மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடக் கூடுதலாக இழந்த அந்த மாநிலம், அடுத்த ஆண்டே வேறு பெயரில் ஓர் ஆணையத்தை அமைக்கவேண்டி வந்தது.

அரசு பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலம் சான்று. அங்கே கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தொடங்கியபோது பரிசுச்சீட்டு விற்றுப் பணம் திரட்டினார். எவ்வளவு பெரிய கவிஞர் வீடுவீடாகப் போனாலும் ஒரு கலைப்பள்ளியை அப்படியே என்றைக்கும் நடத்திவிட முடியாது. 1941இல் கொச்சி அரசு பொறுப்பேற்றது. கதகளி இன்று உலகம் அறிந்த கலையாக நிற்பதற்கு அந்த ஏற்பு ஒரு முக்கியக் காரணம்.

அரசுப் பணம் வந்தால் அரசின் துதியும் வரும் என்ற ஆட்சேபம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. அரசு நாடகத்தைப் பார்த்து முதலில் அஞ்சியது. பணம் கொடுத்தது பிறகுதான். 1876இல் ஆங்கில அரசு கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் வழியில் 1954இல் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இன்றும் நாட்டுப்புறக் கலைஞருக்கு அரசு அழைப்பு வருவதில் பெரும்பங்கு திட்ட விளம்பரத்துக்கும் விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்கும்தான். அது அன்றைய சோற்றுக்கு ஆகிறது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விடிய விடிய ஆடவேண்டிய கூத்தைப் பத்து நிமிடத்தில் சுருக்கிக் காட்டுவதைக் கலை வளர்ப்பு என்ற கணக்கில் எழுதக்கூடாது. 1946இல் பிரிட்டனில் கலைக் கவுன்சில் அமைந்தபோது பொருளியலறிஞர் கெயின்ஸ் வகுத்த நெறி இங்கே பயன்படும். பணத்தை அரசு தரும். யாருக்கு, எதற்கு என்பதை அரசு தீர்மானிக்காது. இயல் இசை நாடக மன்றத்தின் பொறுப்பாளர்களை ஆட்சிக்கு வருவோரே அமர்த்தும் நிலை தொடரும்வரை அந்த நெறி இங்கே வராது. கலைஞர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் அதில் பாதிப்பேராவது இருக்கவேண்டும்.

குடிநீரும் சாலையும் இல்லாத ஊருக்குக் கூத்து எதற்கு என்ற இன்னொரு கேள்விக்கு விடை, அரசு எதை விட்டுக்கொடுத்தது என்பதில் இருக்கிறது. 2006இல் தமிழில் பெயர் வைத்த திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி முழுவதும் விலக்கப்பட்டது. நிபந்தனைகள் மாறினாலும் பத்தாண்டுக்கு மேல் அந்த விலக்கு நீடித்தது. வாங்காமல் விட்ட வரியும் மானியமே. சினிமாவுக்கு அவ்வளவு பெரிய தொகையைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்த கருவூலம், முகவீணைக்காரரிடம் மட்டும் குடிநீர்க் கணக்குப் பேசுவது சரியில்லை.

அந்தக் கேளிக்கை வரியிலேயே தீர்வும் இருக்கிறது. 2016இன் 101ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, ஜிஎஸ்டி தவிரக் கேளிக்கைக்கு வரி விதிக்கும் உரிமை ஊராட்சி, நகராட்சி போன்ற அமைப்புகளுக்கு மட்டுமே எஞ்சியது. அதன்படி 2017 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் திரைப்படக் கட்டணத்தின்மீது அந்த வரியை வசூலிக்கின்றன. நூலக வரிபோல, இதில் ஒரு பங்கை அந்தந்த மாவட்டத்தின் நிகழ்த்துகலைகளுக்கென்று சட்டத்தில் எழுதிவிடலாம். ராசிபுரத்துத் திரையரங்கில் விற்கும் டிக்கெட்டிலிருந்து நாமக்கல் மாவட்டக் கூத்துக்கும் பம்பைக்கும் பொம்மலாட்டத்துக்கும் சேர்வையாட்டத்துக்கும் பணம் போகும். தொகை பெரிதாக இராது. ஆனால் யார் ஆட்சிக்கு வந்தாலும் வரும். உதவித்தொகையை விலைவாசிப் புள்ளியோடு இணைப்பதையும், காலிப் பணியிடத்தை ஓராண்டுக்குள் நிரப்பவேண்டும் என்பதையும் அதே சட்டத்தில் சேர்க்கவேண்டும். நாமக்கல்லில் துறைக்கு ஓர் அலுவலகம் வேண்டும். முதல் செலவு, கற்றுத்தரும் வாத்தியார்களுக்குப் போகவேண்டும்: ஆளுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு ஆண்டுகள், மாதச் சம்பளம், முடிவில் ஒரு முழு இரவுக் கூத்து.

இப்படிப்பட்ட சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் ஏப்ரலிலும், நாமக்கல் மாவட்டக் கலைஞர்களுக்குப் போன நிதியாண்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள், மார்ச் 31க்குள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற இரண்டு எண்களையும் ராசிபுரத்திலிருந்து யாராவது ஒருவர் எழுதிக் கேட்கவேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி அதற்கு ஒரு வெள்ளைத்தாளும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் போதும்.